வைரம் உள்ளேயா, வெளியேயா? மரத்தண்டைத் திறந்து பார்த்தால்

நல்ல மழை பெய்து நாலைந்து நாள் கழித்து, வேப்பமரத்தில் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கிளையை வெட்டிக்கொள்ளுங்கள். கத்திமுனையால் பட்டையை நீளவாக்கில் கீறி ஓரத்தை நெம்பினால், பட்டை முழுசாகக் கழன்று வரும். பட்டையின் உட்புறமும் மரத்தின் மேற்புறமும் வழவழவென்று ஈரமாக இருக்கும். மரத்தை ஆண்டுதோறும் பருக்க வைக்கும் படலம் அங்கேதான் இருக்கிறது. தமிழகப் பாடநூல்கள் அதைக் கேம்பியம் என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் மாறிழையம் என்கின்றன. சில செல் அடுக்குகளே கொண்டது. வெறுங்கண்ணால் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தண்ணீரில்லாமல் மரம் வாடி நிற்கும் நாளில் அதே கிளையை வெட்டினால் பட்டை பிய்ந்து பிய்ந்துதான் வரும். கேம்பியம் அப்போது ஓய்ந்திருக்கும். சுவர் இறுகாத இளஞ்செல்கள் அங்கே இருக்காது.

பனந்தண்டிலோ தென்னந்தண்டிலோ இப்படி உரித்தெடுக்க எதுவும் கிடையாது. எந்த மழையிலும் கழன்று வராது. காரணம், அவற்றில் கேம்பியமே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்றவை எல்லாம் பிறக்கின்றன: மரத்தின் வைரம், அதாவது இறுகிய கெட்டிப் பகுதி, எந்தப் பக்கம் இருக்கும், காயம் ஆறுமா, ஒட்டுக் கட்டினால் பிடிக்குமா, சுற்றிப் பட்டையை எடுத்தால் சாகுமா என்பதெல்லாம்.

தமிழுக்கு இது பழைய செய்தி. காழ் என்றால் வைரம். வைரம் வெளியே இருப்பவற்றைப் புறக்காழ் என்று பிரித்துப் புல் இனத்தில் வைத்தது தொல்காப்பிய மரபியல். வைரம் உள்ளே இருப்பவற்றை அகக்காழ் என்று சொல்லி மரம் என்றது. அந்தக் கணக்கில் பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல். இன்றைய தாவரவியலும் இவற்றை நெல்லும் கரும்பும் இருக்கும் ஒருவித்திலைத் தாவரங்களோடுதான் சேர்க்கிறது. வெட்டுமுகத்தைப் பார்த்தே இந்தப் பிரிவைக் கண்டவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். நீர் கடத்தும் சைலத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் காழ் என்றே பெயர் வைத்திருப்பதும், உணவு கடத்தும் ஃபுளோயத்தை உரியம் என்பதும் மிகப் பொருத்தம். பட்டையோடு உரிந்து வருவது அந்த உரியம்தானே.

அகக்காழ்: உள்ளே சாகும், வெளியே வாழும்

கேம்பியத்தின் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது, ஒன்று கேம்பியமாகவே நிற்கும். மற்றது உட்பக்கம் தள்ளப்பட்டால் சைலம், வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் ஃபுளோயம். உட்பக்கம் போகும் செல்கள் பல மடங்கு அதிகம். அதனால்தான் ஒரு மரத்தில் கட்டை முழம் கணக்கிலும் பட்டை விரல்கடை கணக்கிலும் இருக்கிறது.

உள்ளே தள்ளப்பட்ட செல்களில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே செத்துவிடும். சாவதுதான் அவற்றின் வேலை. நீர்க்குழாயாக வேண்டிய செல் தன் சுவரில் லிக்னின் என்னும் கெட்டியாக்கும் பொருளைப் படியவிட்டு, உள்ளிருப்பதை அழித்துக்கொண்டு, மேல் கீழ் சுவர்களையும் திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட வெற்றுச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் ஒரு குழாய். தேக்குப் பலகையின் வெட்டுமுகத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஊசித்துளைகள் இவைதான். பருவத் தொடக்கத்தில் தேக்கு பெரிய குழாய்களை உண்டாக்கும், பிறகு சிறியவற்றை. பெருந்துளைகள் வரிசையாக நிற்கும் கோடுதான் அதன் ஆண்டு வளையம். வேம்பிலும் மாவிலும் துளைகள் பரவலாகக் கிடப்பதால் வளையம் மங்கலாகவே தெரியும். வெப்ப நாட்டு மரங்களில் வளையத்தை எண்ணி வயது சொல்லும்போது கவனம் வேண்டும். நடுவில் ஒரு வறட்சி வந்து மறுபடி மழை பெய்தால், ஒரே ஆண்டில் இரண்டு வளையம் விழலாம்.

இலைக்கு நீர் ஏறுவது வெளியடுக்குக் கட்டையில்தான். வெளுத்த நிறத்தில் இருக்கும் இதைப் பாடநூல் சாற்றுக்கட்டை என்கிறது, பட்டறையில் வெள்ளை என்றால் புரியும். இதற்குள் இன்னும் உயிரோடு இருக்கும் செல்கள் உண்டு. அவற்றில் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். வெள்ளையோடு அடித்த கதவுநிலை சில ஆண்டுகளில் ஊசித்துளை விழுந்து மாவாகக் கொட்டுவது இதனால்தான். மரத்தை உளுக்க வைக்கும் சிறு வண்டின் புழுவுக்கு அந்த மாவுச்சத்துதான் சாப்பாடு. அதே நிலையில் வைரப்பகுதியில் துளை இருக்காது.

வைரம் ஏறுவது என்பது பழைய கட்டையை மரம் மூடி முத்திரையிடுவது. உள்ளடுக்கில் மிச்சமிருக்கும் உயிர்ச்செல்கள் சாகுமுன் மாவுச்சத்தைச் செலவழித்து எண்ணெய், பிசின், சாயம் போன்ற பொருள்களை உண்டாக்கிச் சுற்றிலும் படியவிடும். பல மரங்களில் பக்கத்துச் செல்கள் நீர்க்குழாய்க்குள்ளேயே பலூன்போல உப்பி நுழைந்து அதை அடைத்துவிடும். இந்த அடைப்புக்கு டைலோஸ் என்று பெயர். அதன்பின் அந்தக் கட்டையில் நீர் ஏறாது, கறையானும் பூஞ்சையும் எளிதில் நுழையா. சந்தனத்தில் மணமுள்ள எண்ணெய் இந்த வைரத்தில் மட்டுமே உண்டு. பட்டையிலும் வெள்ளையிலும் மணம் கிடையாது. சந்தனம் நட்டவர் தண்டின் பருமனைப் பார்த்து விலை பேசினால் ஏமாறுவார்; தளதளவென்று பருத்த மரத்திலும் வைரம் விரல் தடிமனுக்கு மேல் ஏறாமல் இருக்கலாம். துளையிட்டு எடுத்த மாதிரியைப் பார்த்தால்தான் தெரியும்.

வைரம் செத்த பகுதி என்பதால்தான் நடுவே பொந்து விழுந்த புளியமரம் நூறாண்டுக்கு மேலும் காய்க்கிறது. நீர் ஏற வெள்ளை இருக்கிறது, உணவு இறங்கப் பட்டை இருக்கிறது. தாங்கும் வலுவும் பெரும்பாலும் வெளிவட்டத்தில்தான். குழாய் கம்பிக்குச் சளைத்ததல்ல. பொந்தைச் சிமென்ட் கொட்டி அடைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேண்டாம். காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது. இடையில் விழும் இடுக்கில் நீர் தேங்கி அழுகல்தான் கூடும். நாளை அந்த மரத்தை வெட்டவேண்டி வந்தால் ரம்பமும் உடையும்.

பலகை ஏன் வளைகிறது என்பதற்கும் விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஈரக்கட்டை காயும்போது, ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காடு வரை குறைகிற மட்டும் அளவு மாறாது. செல்லின் பொந்திலிருந்த நீர்தான் போகும். அதற்குக் கீழே போனால் செல்சுவரிலிருக்கும் நீர் வெளியேறிக் கட்டை சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் கணக்கில் வராத அளவு. மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஒரு பங்கு என்றால், வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு. மையத்திலிருந்து பட்டை நோக்கி ஓடும் கதிர்ச்செல்கள் அந்தத் திசையில் சுருக்கத்தைப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம். ஆகவே தடியின் ஓரத்தில் அறுத்த பலகை காயும்போது பட்டைப்பக்கம் குழியும், மையப்பக்கம் மேடாகும். மேசைப் பலகையை இணைக்குமுன் வெட்டுமுனையில் வளையக்கோட்டின் வளைவைப் பார்த்து, பட்டைப்பக்கத்தை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாகத் திருப்பி வைத்தால் முழு மேசையும் ஒரே வளைவாக வளையாது. வளையக்கோடுகள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை அதிகம் நெளியாது. சேதாரம் அதிகம் என்பதால் விலை கூடும். ஐப்பசி மழையில் கதவு இறுகுவதும் இதே கணக்குதான், கதவின் அகலம்தான் ஏறும், உயரம் ஏறாது.

பட்டை என்பது ஒன்றல்ல

கேம்பியத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் பட்டை. ஆனால் அதில் இரண்டு பாதி உண்டு. உட்பாதி உயிருள்ள ஃபுளோயம், இலை சமைத்த சர்க்கரை வேருக்கு இறங்கும் வழி. வெளிப்பாதி செத்த தக்கை. தண்டு பருக்கப் பருக்கப் பழைய தோல் கிழியும். கிழியுமுன் அதற்குக் கீழே இன்னொரு கேம்பியம் உருவாகி வெளிப்பக்கம் தக்கைச் செல்களைத் தள்ளும். இந்தச் செல்களின் சுவரில் மெழுகுத்தன்மையுள்ள சூபரின் படிந்திருப்பதால் நீரும் காற்றும் புகா. மூச்சுக்கு மட்டும் ஆங்காங்கே சிறு துளைகள் விட்டிருக்கும். முருங்கைக் கிளையிலும் அரசங்கிளையிலும் தடவினால் நெருடும் புள்ளிகள் அவைதான். தண்டைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேடை கட்டினால் இந்தத் துளைகள் அடைபடும்; ஓயாத ஈரத்தில் பட்டை அழுகும். மேடை கட்டிய சில ஆண்டுகளில் உச்சிக்கிளை காயத் தொடங்கும்போது யாரும் மேடையைச் சந்தேகிப்பதில்லை.

பட்டையின் எந்தப் பாதியை எடுக்கிறோம் என்பதில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது. போர்ச்சுகலில் கார்க் ஓக் மரத்தில், நட்டு ஏறக்குறைய 25 ஆண்டுக்குப்பின் முதல் முறையும், பிறகு 9 ஆண்டுக்கு ஒரு முறையும் தக்கையைப் பாளம் பாளமாக உரிக்கிறார்கள். மரம் சாவதில்லை, ஏனென்றால் உட்பட்டையில் கோடரி படாது. ராபர்ட் ஹூக் 1665இல் நுண்ணோக்கியில் பார்த்து ‘செல்’ என்று பெயரிட்டது இத்தகைய தக்கையின் வெற்றறைகளைத்தான். இலங்கையின் கறுவாவில் கதை நேர்மாறு. அங்கே வேண்டியது உட்பட்டை. வெளித்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, பித்தளைக் கோலால் தேய்த்து, உட்பட்டையைக் குழாயாகக் கழற்றுகிறார்கள். இரண்டு வயதை ஒட்டிய கம்பையே அடியோடு வெட்டிக்கொண்டுதான் உரிப்பது. கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழைக்குப்பின் வெட்டுவதன் காரணம், வேப்பங்கிளையில் பார்த்த அதே வழவழப்பு.

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர் கையில் இருப்பது இவற்றில் மிக நுட்பமான வேலை. பால்குழாய்கள் உட்பட்டையில், கேம்பியத்தை நெருங்க நெருங்க அடர்த்தியாக இருக்கும். ஆழமாக வெட்டினால் பால் அதிகம். கேம்பியத்தில் பட்டால் மரம் கெட்டது. அதனால் கேம்பியத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று கூடுதலாகப் பட்டையை விட்டுவைத்து வெட்டவேண்டும். பால்குழாய்கள் நேராக ஓடாமல் சற்றே சாய்ந்து ஏறுவதால், வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்திருந்தால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒட்டுக்கன்றில் வந்த மரத்துக்குச் சாய்வு 30 பாகை. ஒட்டுக்கு மேல் 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. எட்டாமல் வெட்டத் தொடங்கக்கூடாது. விடியலில் வெட்டுவது, செல்களில் நீர் நிறைந்து அழுத்தம் மிகுந்திருக்கும் நேரம் என்பதால். கேம்பியம் தப்பினால் வெட்டிய இடத்தில் புதுப்பட்டை சீராக வளர்ந்து மறுபடி பால் தரும். கத்தி பட்டுவிட்டால் முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே கத்தி ஓடாது.

வளையம் எடுத்தால் நடப்பது

தண்டைச் சுற்றிலும் ஒரு வளையமாகப் பட்டையை எடுத்தால் மரம் உடனே வாடாது. நீர் கட்டையில் ஏறுகிறது, கட்டை அப்படியே இருக்கிறது. ஆனால் சர்க்கரை கீழே இறங்க வழியில்லை. வளையத்துக்கு மேல்விளிம்பு வீங்கும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி இதைக் கவனித்துப் பதிவு செய்தார். வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்க்கும் வரை, சில மாதங்களோ அதற்கு மேலுமோ, மரம் பச்சையாகவே நிற்கும். ஆடு பட்டையைச் சுற்றிக் கடித்த கன்று ‘தழைச்சுதானே இருக்கு’ என்று விட்டுவிடுவது இதனால்தான்.

பர்மாவில் தேக்கை வளையமிட்டது வேறு விதம். பட்டையோடு வெள்ளையையும் சேர்த்து, வைரம் தெரியும் வரை சுற்றி வெட்டினார்கள். நீர்வழியே அறுந்துவிட்டதால் மரம் விரைவில் செத்து, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டு காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்த தேக்கு மிதக்கும். காட்டிலிருந்து ஆற்றுவழி கொண்டுபோக அதுவே வழி.

வளையம் எடுப்பதை நன்மைக்கும் பயன்படுத்தலாம். கொய்யா, மாதுளையில் பென்சில் பருமனுள்ள முதிர்ந்த கிளையில், ஒரு கணுவுக்குக் கீழே 2.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, ஈரமான பாசியோ தென்னைநார்க் கழிவோ வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டினால் அதுவே விண்பதியம். இறங்க வழியில்லாத சர்க்கரையும் வேரூக்கி ஹார்மோனும் மேல்விளிம்பில் தேங்க, அங்கே ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வேர் விடும். பதியம் தவறுவதற்கு முதல் காரணம் வளையத்தைச் சுரண்டாமல் விடுவது. பட்டையை உரித்ததும் கட்டையின் வழவழப்பைக் கத்திமுதுகால் சுரண்டி உலர்த்த வேண்டும். கேம்பியம் மிச்சமிருந்தால் அது புதுப்பட்டையைப் பாலம்போல் இணைத்துக்கொள்ளும், வேர் விட வேண்டிய தேவையே இருக்காது. இரண்டாவது காரணம், தாளின் மேல்முனை தளர்ந்து மழைநீர் இறங்குவது.

ஆடு கடித்த மரத்தைக் காப்பாற்றும் பால ஒட்டு இதன் மறுபக்கம். அதே மரத்தின் விரல் பருமனான ஓராண்டுக் குச்சிகளை எடுத்து, இரு முனையையும் ஆப்பாகச் சீவி, காயத்துக்குக் கீழ்ப்பட்டையிலும் மேற்பட்டையிலும் செருகி, சிறு ஆணியால் இறுக்கி, மெழுகு பூசவேண்டும். ஐந்தாறு செ.மீ. இடைவெளிக்கு ஒரு குச்சி. குச்சியின் அடிமுனை அடியிலேயே இருக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் சரியாகப் பிடித்துப் பருக்காது. எந்த ஒட்டிலும் விதி ஒன்றே: கேம்பியம் கேம்பியத்தைத் தொடவேண்டும். தாய்ச்செடி பருத்தும் ஒட்டுக்குச்சி மெலிந்தும் இருந்தால், நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்து விளிம்பையாவது ஒட்டி வைக்கவேண்டும். பனையிலும் தென்னையிலும் ஒட்டுக் கட்ட முடியாததற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காயமும் ஆணியும்

தெருமரத்தில் மார்பளவில் அடித்த விளம்பர ஆணி இருபதாண்டு கழித்தும் மார்பளவிலேயே இருக்கும். நீளம் வளர்வது நுனியில் மட்டும். தண்டில் பருமன்தான் கூடும். அதனால் ஆணி மேலே போகாது, உள்ளே விழுங்கப்படும். சுற்றிக் கட்டிய கம்பி இன்னும் மோசம். மரம் பருத்துக் கம்பியைத் தொட்டதும் வளையம் எடுத்த கதைதான்.

நம் தோலைப்போல் மரம் காயத்தை ஆற்றுவதில்லை. கெட்ட செல்லைப் புதுப்பிக்க அதனால் முடியாது. சுற்றி மதில் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதுக்கட்டை வளர்க்கும். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1977இல் இதை நான்கு மதில்களாக விளக்கினார். மேலும் கீழும் தடுக்கும் மதில் மிகப் பலவீனம், குழாய்கள் அந்தத் திசையில்தானே ஓடுகின்றன. காயத்துக்குப்பின் கேம்பியம் புதிதாக எழுப்பும் மதில்தான் மிக வலுவானது. வெட்டுவாயில் தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் ஆய்வில் தெளிந்தது.

எனவே கிளை கழிக்கும்போது பூச்சைவிட வெட்டும் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு புடைப்பு இருக்கும், அது தண்டைச் சேர்ந்தது. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, கீழிருந்து மேலாகக் கிளையின் மூன்றில் ஒரு பங்கு வரை முதலில் அறுக்கவேண்டும். அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து கீழாக அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மிச்சமுள்ள முளையைப் புடைப்புக்கு வெளியே ஒட்டி அறுக்கவேண்டும். புடைப்பையும் சேர்த்துத் தண்டோடு வழித்துவிட்டால் மதில் எழுப்பும் இடமே போய்விடும். முளையை நீளமாக விட்டால் அது உளுத்து, அழுகலைத் தண்டுக்குள் கொண்டுபோகும்.

புறக்காழ்: ஒரே முறை எழுதும் தண்டு

பனந்தண்டை வெட்டிப் பார்த்தால் வளையமில்லை, பட்டையில்லை, கரும்புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளியும் சைலமும் ஃபுளோயமும் நாரும் சேர்ந்த ஒரு கற்றை. ஓரத்தில் நெருக்கமாக, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். நடுவிலிருக்கும் மென்மையான பகுதியைச் சோறு என்பார்கள். பனங்கன்று முதல் சில ஆண்டு மண்ணோடு மண்ணாக இருந்து, நுனியைப் பருக்கவைத்துக்கொண்டு, முழுப் பருமன் வந்தபின்தான் உயரத் தொடங்கும். உயர்ந்தபின் கேம்பியம் கொண்டு பருக்க வழியில்லை. நாரின் செல்சுவர் மட்டும் ஆண்டுக்காண்டு தடித்துக்கொண்டே போகும். ஆகவே வைரம் அடித்தண்டிலும் ஓரத்திலும் மிகுதி.

இதனால் தென்னை தன் வரலாற்றைத் தண்டில் எழுதி வைத்திருக்கும். கடும் வறட்சியில் நுனி இளைத்தால் அந்த இடத்தில் தண்டு ஒடுங்கும். பிறகு மழையும் உரமும் கிடைத்து மேலே பருத்தாலும் அந்த இடுப்பு அப்படியே இருக்கும். ஏறுவதற்கு வெட்டிய படியும் மூடாது. சிவப்புக் கூன்வண்டுக்கும் சாறு வடியும் நோய்க்கும் அது வாசல். சாறு வடியும் இடத்தில் உளியால் நிறம் மாறிய பகுதியை நல்ல திசு தெரியும் வரை செதுக்கி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுகிறோம் என்றால், அது பரவாமல் நிறுத்தத்தான்; குழி நிறையாது. மறுபுறம், சுற்றி வளையமாகச் செதுக்கினாலும் தென்னை உடனே சாவதில்லை, கற்றைகள் தண்டு முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. அதன் உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். குருத்தழுகலோ காண்டாமிருக வண்டோ அங்கே நுழைந்தால் தண்டு எவ்வளவு திடமாக இருந்தும் பயனில்லை.

ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்துக்குப் பனங்கை வாங்குகிறவர் வெட்டுமுனையைத்தான் பார்க்கவேண்டும். கரும்புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டாற்போல் நெருங்கி, இடையில் வெளிறிய சோறு தெரியாமல் இருந்தால் நல்ல கை. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் கலைந்திருந்தால் சோற்றை முழுசாகச் செதுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் முதலில் ஈரம் குடித்துக் கறையான் ஏறும். ஆணியை நேரே அடிக்காமல் துளையிட்டுவிட்டு அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் நாரோடு நாராகப் பிளக்கும். இளம் பனையில் கை எடுத்தால், ஓரத்து நார் இன்னும் தடிக்காத காரணத்தால், ஓட்டின் பாரத்தில் நடுவில் தொய்யும்.